தலைக்கு எவ்வளவு?

ஜனவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதறேன். எனக்கு இடுப்பு வலி, உங்க அத்தானுக்கு இருமல், மத்தபடி நல்லா இருக்கோம். உன் முழங்கால் எப்படி இருக்கு? தெருத் தெருவா மண்டி போட்டு, குழாய்ல கம்பியை வச்சு, அதுல காதை வச்சு எங்க கசியுதுன்னு கேக்கிற வேலைக்கு அந்த முழங்கால் இன்னும் எத்தனை நாள் தாங்குமோ.

போன் பண்ணி இருக்கலாம். ஆனா போன்ல பேசினா நாம எங்க போய் நிப்போம்னு உனக்கே தெரியும். போன தடவை அரை நிமிஷத்துல அந்தப் பேச்சு வந்துச்சு, நீ டப்புனு வச்சுட்டே. கடிதம்னா நடுவுல வைக்க முடியாது பாரு.

விஷயம் என்னன்னா, மானம் கப்பலேறிடுச்சு. எங்க தெரு சங்கத்துல புதுசா ஒரு பலகை மாட்டியிருக்காங்க. எந்த வீடு ஆளுக்கு எவ்வளவு தண்ணி செலவழிக்குது, எவ்வளவு கரண்ட், எவ்வளவு குப்பைன்னு வரிசை. இருபத்தி நாலு வீட்டுல நாங்க இருபத்தி மூணு. எங்களுக்குக் கீழே இருக்கிறது ஒரு கார் கழுவுற ஷெட்டு! முப்பது வருஷமா இஞ்ச் டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு ஊருக்கெல்லாம் அளந்து தைக்கிறவ நான். என் வீட்டை நான் அளந்ததே இல்லைன்னு இப்பத்தான் உறைக்குது.

நீ தண்ணி ஆபீஸ்ல இருக்கிறவன். எங்கேருந்து ஆரம்பிக்கணும், சொல்லு. முதல் இடத்துக்கு வந்துட்டுத்தான் நான் அந்தப் பலகைப் பக்கம் தலையைத் திருப்புவேன்.

உடம்பைப் பாத்துக்கோ.
அக்கா


ஜனவரி 15

அக்காவுக்கு,

முழங்கால் என்னை விடப் பிடிவாதமா இருக்கு. அத்தானை வெந்நீர் குடிக்கச் சொல்லு, வெந்நீர்ல மணிக்கணக்கா குளிக்க வேண்டாம்னு சொல்லு. உங்க வீடு இருபத்தி மூணாவது இடத்துக்கு எப்படிப் போச்சுன்னு எனக்கு இங்கேருந்தே தெரியுது.

அளக்காம எதையும் குறைக்க முடியாது. அதனால விதி போட்டு அனுப்பறேன், ஒழுங்கா நட.

ஒண்ணு: மாசம் ஒண்ணாம் தேதி காலைல தண்ணி மீட்டரைப் பாரு. மாசத்துக் கணக்கை நாளால வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்னு எழுது. ரெண்டு: குப்பையைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி கொக்கித் தராசுல மாட்டி எடை பாரு. மூணு, இதுதான் முக்கியம்: மொத்தத்தைத் தலையால வகுக்கணும். விருந்தாளி ஏழு நாளைக்குள்ள கிளம்பிட்டா தலை இல்லை, அதுக்கு மேல தங்கினா ஒரு தலை. கைக்குழந்தை அரைத் தலை. நமக்கு அந்தக் கவலை இல்லை, இருந்தாலும் விதின்னா முழுசா இருக்கணும்.

என் வீட்ல ஒரே தலை. நான்தான். நீ மறுபடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். நான் படிக்க வச்ச படிப்பைக் கடைசி வருஷத்துல விட்டுட்டு ஒரு கப்பல் சமையல்காரன் பின்னாடி போனவ என் கணக்குல இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி அவ மூஞ்சிக்கு நேராவே சொன்னேன், இப்பவும் அதேதான். அவளைப் பத்தி ஒரு வரி எழுதினாலும் நான் பதில் போட மாட்டேன்.

எனக்கு ஒரு நாளைக்கு 112 லிட்டர். முடிஞ்சா தோற்கடி பாக்கலாம்.

தம்பி


மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நலம். அத்தானுக்கு இருமல் நின்னுடுச்சு, புலம்பல் ஆரம்பிச்சிருக்கு. காரணம் கீழே.

ஜனவரிக் கணக்கு: மொத்தம் 310, தலைக்கு 155. எழுதும்போது கை கூசிச்சு. உடனே வேட்டையாட ஆரம்பிச்சேன். குளியலறைக் கதவுக்கு வெளிய ஸ்டூல் போட்டு உட்காந்து, உங்க அத்தான் எத்தனை நிமிஷம் ஷவரைத் திறந்து விட்டுட்டுப் பாடறார்னு பாத்தேன். பத்தொன்பது நிமிஷம். பாட்டு முழுசும் தப்பு, அது வேற. ஷவரைக் கழட்டிட்டேன். இப்போ ரெண்டு வாளி, அதுக்குள்ள பாட்டை முடிக்கணும். டெப்போவுல முப்பத்தஞ்சு வருஷம் பஸ்ஸுக்கெல்லாம் நேரம் குறிச்ச மனுஷன், சொந்தக் குளியலுக்கு நேரம் குறிக்கலையே.

அடுத்தது என் இஸ்திரிப் பெட்டி. ஒவ்வொரு சட்டை தைச்சு முடிச்சதும் சூடு பண்ணிக்கிட்டிருந்தேன். இப்போ சாயந்திரம் எல்லாத்தையும் சேத்து ஒரே மூச்சா. வெட்டின துணித் துண்டெல்லாம் குப்பைக்குப் போறதில்லை, பை தைக்கிறேன், தலகாணிக்குள்ள அடைக்கிறேன். குப்பை பாதியாச்சு. தராசுல மாட்டின பையைப் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்னா பாத்துக்கோயேன்.

பிப்ரவரி: மொத்தம் 216, தலைக்கு 108.

நூத்தி எட்டு! உன் 112 எங்க, என் 108 எங்க. கண்ணாடியை மாட்டிக்கிட்டு இன்னொரு தடவை படி. பலகைல ஒன்பதாவது இடம், தலைக் கணக்குக்கு உன் விதியைத்தான் சங்கத்துலயும் எடுத்துக்கிட்டாங்க. இப்போ தெருவுல கொஞ்சம் நிமிர்ந்து நடக்கிறேன்.

நீ போட்ட கட்டளைப்படி வேற ஒருத்தரைப் பத்தியும் எழுதலை. ஆனா உன் வீட்டுக்கு ஒரே தலைன்னு எழுதியிருந்த வரியை எனக்குப் படிக்க முடியலைடா.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

நல்லா இருக்கேன். தோத்துட்டேன்னு ஒத்துக்கறேன், இந்த மாசம் மட்டும். எங்க ஆபீஸ்ல உன் கணக்கை எல்லாருக்கும் காட்டினேன். ஒரு தையல்காரம்மா ஒரே மாசத்துல 155லேருந்து 108க்கு வந்தாங்கன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. எங்க அக்காடான்னேன்.

ஆனா இனிமேதான் கஷ்டம். சுலபமானதெல்லாம் பண்ணியாச்சு. நூறுக்குக் கீழே போகணும்னா குழாய்ல கை வைக்கணும். டாய்லெட்டுக்கு நல்ல தண்ணியை ஊத்தறியே, அதை யோசி.

அத்தானுக்கு என் அனுதாபம்.

தம்பி


மே 9

அன்புத் தம்பிக்கு,

லேட்டாயிடுச்சு. வீட்ல எல்லாரும் நலம். உன் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடறியா?

மார்ச் கணக்கு அனுப்பலை. பாதி மாசம் ஒரு மாதிரி, பாதி மாசம் வேற மாதிரி, சேத்து வகுத்தா குழப்பம்தான். ஏப்ரல் மாசக் கணக்கு மட்டும் எழுதறேன். நிதானமா படி.

மொத்தம் 343. தலைக்கு 98.

நீ சொன்ன மாதிரி குழாய்ல கை வச்சாச்சு. நல்ல பிளம்பர் ஒருத்தங்க கிடைச்சாங்க. துணி துவைக்கிறது மாடியில இல்லையா? சோப்புத் தண்ணி நேரா சாக்கடைக்கு, அலசின தண்ணி மட்டும் டிரம்முக்குப் போற மாதிரி ரெண்டு வால்வு. டிரம் வாய்ல என் துணிதான் வடிகட்டி, நூல் பிசிறு அதுலயே நின்னுடும். அங்கேருந்து கீழே டாய்லெட் தொட்டிக்குத் தானா இறங்குது, மோட்டார் கிடையாது. ஒவ்வொரு மூட்டுப் பக்கத்துலயும் பென்சில்ல சின்னதா ஒரு அம்புக்குறி போட்டிருக்காங்க, தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிய. பாக்கவே அழகா இருக்கு.

வேற ஒண்ணும் எழுதறதுக்கு இல்லை. அதாவது, எழுத முடியலை. கை நிறைய வேலை.

அக்கா


மே 17

அக்காவுக்கு,

நலமா இருக்கேன், இருந்தேன், உன் கடிதம் வர்ற வரைக்கும். 216 இருந்தது எப்படி 343 ஆச்சு? ஒரு நாளைக்கு 127 லிட்டர் எங்கேயோ போகுதும்மா! ஒரு முழு ஆள் குடிச்சு, குளிச்சு, துவைக்கிற தண்ணி! இது கசிவு. இருபத்தாறு வருஷ அனுபவத்துல சொல்றேன்.

உடனே இதைச் செய். எல்லாக் குழாயையும் மூடிட்டு மீட்டரைப் பாரு, முள்ளு நகருதான்னு. டாய்லெட் தொட்டில கொஞ்சம் கலர் தண்ணி ஊத்தி, அரை மணி நேரம் கழிச்சுக் கீழே கலர் வருதான்னு பாரு. மாடித் தொட்டி மிதவையை ஆட்டிப் பாரு.

அப்புறம், 343ஐ ரெண்டால வகுத்தா 171ரை. 98 எங்கேருந்து வந்துச்சு? அஞ்சாங் கிளாஸ்லேருந்தே உனக்கு வகுத்தல் வராது. கோட்டுக்கு இந்தப் பக்கம் எழுத வேண்டியதை அந்தப் பக்கம் எழுதுவே.

ஆனா ஒண்ணு சொல்லியாகணும். அந்த பிளம்பர் யாரு? சோப்புத் தண்ணியையும் அலசின தண்ணியையும் பிரிக்கணும்னு தோணுது பாரு, அதுக்கே ஒரு மூளை வேணும். எங்க ஆபீஸ்ல பட்டம் வாங்கின ஆளுங்க ஆறு பேர் இருக்காங்க, ஒருத்தருக்கும் இது வராது. பென்சில் அம்புக்குறி என் பழக்கமும்கூட. அதைப் போடறவங்க அடுத்து ரிப்பேர் பண்ண வர்றவனைப் பத்தி யோசிக்கிறவங்க. அந்த ஆளை நான் பாராட்டினேன்னு சொல்லு. அப்படி ஒருத்தர் எனக்குக் கீழே வேலை செஞ்சா நான் காலரைத் தூக்கி விட்டுக்குவேன்.

கசிவைப் பிடி முதல்ல.

தம்பி


ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். உனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், மாத்திரை போட்டுக்கோ.

நீ சொன்னதெல்லாம் செஞ்சேன். மீட்டர் முள்ளு அசையலை. கலர் தண்ணி கீழே வரலை. மிதவை நல்லா இருக்கு. இந்த வீட்ல எதுவும் கசியலை தம்பி. எல்லாம் இறுக்கி மூடித்தான் இருக்கு, அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

மே கணக்கு: மொத்தம் 329. தலைக்கு 94.

என் வகுத்தல் சரி. கோட்டுக்கு எந்தப் பக்கம் எழுதணும்னு எனக்குத் தெரியும். நீ எனக்கு வகுத்தல் வராதுன்னு எழுதினதைப் படிச்சு எனக்கு வந்த கோபத்துல அன்னிக்கு ஒரு காலருக்கு ரெண்டு தடவை தையல் போட்டேன்.

நீ எழுதின பாராட்டை பிளம்பருக்குப் படிச்சுக் காட்டினேன். ஸ்பேனரைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் உள்ள போனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, “அதை இன்னொரு தடவை படிங்க”ன்னாங்க. படிச்சேன். “எங்க ஆபீஸ்ல பட்டம் வாங்கின ஆளுங்க ஆறு பேர்” வந்த இடத்துல மட்டும் மறுபடியும் படிக்கச் சொன்னாங்க.

பலகைல நாங்க முதல் இடம். ஆமா, முதல் இடம்! சங்கத்துத் தலைவர் வீட்டுக்கே வந்து பச்சைத் தகடு மாட்டினார். உங்க அத்தான் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல நின்னார், அவர் ரெண்டு வாளியோட நின்ன தியாகத்துக்குக் கிடைச்ச பரிசாம். தகட்டுல எங்க கணக்கை எழுதியிருக்காங்க, எத்தனை தலைன்னு சேத்து. தெரு பூரா நின்னு படிக்குது. நீ மட்டும்தான் படிக்கலை.

ரெண்டு பேர் சேந்து என் வாயைத் தைச்சு வச்சிருக்கீங்க. தையல்காரிக்கே இந்தக் கதி.

அக்கா


ஜூலை 1

அக்கா,

மூணு வாரமா உனக்கு என்ன எழுதறதுன்னு தெரியலை. உடம்புக்கு ஒண்ணும் இல்லை.

உனக்கு வகுத்தல் சொல்லிக் குடுக்கலாம்னுதான் உன் ரெண்டு கடிதத்தையும் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போனேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல, வேலைச் சீட்டோட பின்பக்கத்துல, நீ எங்க தப்பு பண்ணினேன்னு கண்டுபிடிக்க 343ஐ 98ஆல வகுத்தேன். மூணரை வந்துச்சு. சரி, ஏதோ உளறல்னு 329ஐ 94ஆல வகுத்தேன். மறுபடியும் மூணரை.

தப்பு அப்படி வராது அக்கா. தப்பு ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல கசியும். ஒரே இடத்துல ரெண்டு தடவை வந்தா அது தப்பு இல்லை.

நீயும் அத்தானும் ரெண்டு. ஏழு நாளைக்கு மேல தங்கினவங்க ஒருத்தர், மூணு. மிச்சம் அரை. அரைத் தலைன்னா என்னன்னு நான்தானே விதி போட்டேன்.

அப்புறம்தான் அந்த அம்புக்குறி ஞாபகம் வந்துச்சு. அந்த வேலையை நான் ஒரே ஒருத்திக்குத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். பத்து வயசு அவளுக்கு. வீட்டுக் குழாயெல்லாம் பென்சிலால கிறுக்கி வச்சிருந்தா. அதுக்கு அன்னிக்கு நான் திட்டினேன். திட்டிட்டு, கிறுக்கினது ஒண்ணுகூடத் தப்பா இல்லைன்னு பாத்தேன்.

சாப்பிடலை. டப்பாவை மூடிட்டேன்.

அக்கா, அந்த அரை பையனா, பொண்ணா?

தம்பி


ஜூலை 8

என் தங்கத் தம்பிக்கு,

பொண்ணு. எல்லாரும் சுகமா இருக்கோம், நிஜமா சுகமா. இந்த வரியை எழுத நான் நாலு மாசம் காத்திருந்தேன்.

மார்ச் நடுவுல வந்து நின்னா, இருபது நாள் குழந்தையோட. மாப்பிள்ளைக்குக் கப்பல் கிளம்பிடுச்சு, திரும்ப நவம்பர் ஆகும். நல்ல பையன்டா, வாராவாரம் போன் பண்றான். குழந்தை தும்மினது வரைக்கும் கேக்கிறான். வாசப்படி ஏறும்போதே உன் பொண்ணு ஒரு நிபந்தனை போட்டா: “அத்தை, நான் இங்க இருக்கேன்னு அப்பாவுக்கு ஒரு வார்த்தை எழுதக் கூடாது. அவர் கணக்குல நான் இல்லை.” நீயும் ஒரு வரி எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டே. நான் என்ன பண்ணுவேன்? வார்த்தை எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன். எண்ணைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலை. எண் எழுதினேன். உனக்கு வகுக்கத் தெரியும்னு நம்பினேன், நீ என்னடான்னா எனக்குத் தெரியாதுன்னு எழுதறே! பிளம்பர்னு எழுதினதுலயும் பொய் இல்லை, குழாய் மாட்டினவ பிளம்பர்தானே.

அவ வந்த பத்தாம் நாள் நம்ம போட்டியைக் கேள்விப்பட்டா. உன் 112ஐப் பாத்தா. குழந்தையை என் மடியில போட்டுட்டு மாடிக்கு ஏறினா. குழந்தைத் துணி அலசற தண்ணியை வீணாக்காம என்ன பண்ணலாம்னு ரெண்டு நாள் டிரம்மையே பாத்துக்கிட்டு உட்காந்திருந்தா, மூணாம் நாள் குழாய் அறுக்க ஹேக்ஸா பிளேடு கேட்டா. உங்க அத்தான் அவளுக்கு எடுபிடி ஆள்.

குழந்தைக்கு உன் காது. சத்தம் கேட்டா அழறதில்லை, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எங்கேருந்து வருதுன்னு கேக்கிறா.

உன் கடிதத்தை அவகிட்ட குடுத்துட்டேன். படிச்சா. என்ன சொன்னான்னு கேக்காதே, அதை நான் எழுத மாட்டேன். இனிமே உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி இல்லை.

அக்கா


ஜூலை 15

அக்காவுக்கு,

நலம்னு எழுத எனக்கும் இன்னிக்குத்தான் மனசு வருது.

விதி மூணுல ஒரு திருத்தம். கைக்குழந்தை அரைத் தலைன்னு எழுதினது ஒரு மடையன். முழுத் தலை. இதைப் பலகைல மாத்தச் சொல்லு.

இன்னொரு திருத்தமும் இருக்கு. அவ என் கணக்குல இல்லைன்னு நான் சொன்னேன். ஊரு பூரா கசிவைக் கண்டுபிடிச்சவன், என் வீட்ல எது போச்சுன்னு ரெண்டு வருஷம் கேக்காம இருந்தேன். தப்பு என்னோடது. அவகிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டு, மாத்தாம.

அந்தக் குழாய் வேலையைப் படம் வரைஞ்சு ஆபீஸ்ல ஒட்டியிருக்கேன். “யார் செஞ்சது?”ன்னு கேட்டாங்க. “என் பொண்ணு”ன்னேன். சொல்லும்போது இருமற மாதிரி சமாளிச்சேன். பட்டம் வாங்கின ஆறு பேரும் வரிசையா நின்னு பாத்தாங்க.

மூணு நாள் லீவு கேட்டிருக்கேன். வரலாமா? அவகிட்ட கேட்டுச் சொல்லு.

தம்பி


ஜூலை 24

அப்பாவுக்கு,

அத்தை படிச்சுக் காட்ட மாட்டேன்னுட்டாங்க, நானே படிச்சுக்கிட்டேன். நானும் குழந்தையும் சுகம். உங்க முழங்காலுக்கு அத்தை பஞ்சு வச்சு ஒரு பட்டை தைச்சிருக்காங்க.

ஜூன் கணக்கு: மொத்தம் 308. உங்க பழைய விதிப்படி தலைக்கு 88, புது விதிப்படி 77. எந்த விதி வச்சாலும் உங்களுக்கு மேல நாங்கதான்.

கீழ்க் குழாய் மூட்டு ஒண்ணுல சின்னதா ஒரு சத்தம் வருது. ஈரம் இல்லை, சத்தம் மட்டும். எனக்குக் கேக்குது, அத்தைக்கும் மாமாவுக்கும் கேக்கலை. நீங்க கம்பியை எடுத்துட்டு வாங்க.

ஆனா மூணு நாள் லீவு செல்லாது. ஏழு நாளைக்குள்ள கிளம்பினா விருந்தாளி, அதுக்கு மேல தங்கினாத்தான் தலை. விதி நீங்க போட்டது. ஆகஸ்ட் மாசத்துக்கு அஞ்சு தலைன்னு நான் சங்கத்துல எழுதிக் குடுத்துட்டேன்.

அதைப் பொய்க் கணக்கு ஆக்கிடாதீங்க அப்பா.

உங்க பொண்ணு